நாட்டின் பெயரால் ஒரு முகவரி

இணையத்தில் நம்மைத் தேடி வருவோர்க்கு வழிகாட்டும் முகவரியை டொமைன் பெயர் என்பர். அதன் இறுதியில் இரண்டு எழுத்துக்கள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவை நாட்டின் குறியீடு. இலங்கைக்கு ‘எல்.கே.’, கனடாவுக்கு ‘சி.ஏ.’, 1989-இல் ஏற்பட்ட ‘ஐ.என்.’ நம் நாட்டுக்குரியது. பேச்சில் ‘டாட் இன்’ என்போம். இதன்கீழ்ப் பெயர் பதிவு செய்வதற்குரிய விதிகளை ஈண்டுக் காண்போம்.

பதிவு செய்யத் தகுதியுடையோர் யாவர்? இவ்வினாவிற்கு எல்லா நாடுகளும் ஒரே விடை கூறுவதில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தம் நாட்டோடு தொடர்புடையோர்க்கே இடந்தருகின்றன. இந்தியாவிலும் முன்பு விதிகள் கடுமையாகவே இருந்தன. 2005-ஆம் ஆண்டு முதல் எந்நாட்டவரும் ‘டாட் இன்’ பெயரைப் பெறலாம் என்றாயிற்று. இதனை நிருவகிப்பது ‘நிக்சி’ என்னும் அமைப்பு. அதன் ஒப்புதல் பெற்ற பதிவாளர்கள் வாயிலாகவே விண்ணப்பித்தல் வேண்டும். தரும் பெயரும் முகவரியும் மெய்யானவையாக இருத்தல் இன்றியமையாதது.

அடுத்து, பெயரின் அமைப்பு. ஆங்கில எழுத்துக்கள், எண்கள், இடைக்கோடு ஆகியவற்றை வழங்கலாம். இடைக்கோடு முதலிலோ இறுதியிலோ வரலாகாது. புள்ளிக்கு முற்பட்ட பகுதி 63 எழுத்துக்களை மிஞ்சலாகாது. தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டுவோர்க்கு ‘.இந்தியா’ என்னும் ஈறும் உண்டு.

பெயரை வழங்கும் முறை யாதெனில், முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பதே. ஆயினும் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ அரசுக்கும், ‘ஏ.சி. டாட் இன்’, ‘இ.டி.யு. டாட் இன்’ ஆகியவை கல்வி நிலையங்களுக்கும் உரியவை. முந்தி வந்தார் என்பதற்காகப் பிறர் பெயரைக் கவர்ந்துகொள்ளவும் இயலாது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் தம் வணிகக் குறியை ஒத்திருக்கிறது, பதிந்தவர்க்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்துடன் பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார் என மெய்ப்பிப்பவர், நடுவர் மூலம் அதனை மீட்கலாம்.

இனி, யாவரும் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டியதொன்று உண்டு. இப்பெயர் கிரயம் பெற்ற நிலம் போன்றதன்று; குத்தகை நிலம் போன்றது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரையே ஒருமுறை பதியலாம். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். தவறினால் சிறிது தவணை உண்டு. அதுவும் கடந்தால் எவரும் அப்பெயரைப் பெற்றுவிடலாம்.

நான் அறிந்த பள்ளியொன்றில், தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரிலேயே முகவரியைப் பதிந்துகொண்டார். பணம் செலுத்தியது பள்ளி. பதிவேட்டில் உரியவராக நின்றது அவர். அவர் ஊர் மாறியபின் புதுப்பிக்கும் அறிவிப்புகள் பள்ளிக்கு வரவில்லை. பல்லாண்டு வழங்கிய முகவரி கைவிட்டுப் போயிற்று. பழைய மாணவர்கள் அம்முகவரிக்கு எழுதிய மடல்களும் பள்ளியை அடையவில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் மாணவன் பெயரைப் பிழையற எழுதுவதில் நாம் எத்துணைக் கருத்தாக இருக்கிறோம்! அக்கருத்து இங்கும் வேண்டும். பதிவு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். முடிவு நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இம்மூன்றும் செய்தால் பெயர் நம்முடையதாகவே நிலைக்கும்.