வழக்கு நடக்கும் ஊரும் வணிகரின் கணக்கும்

பாக்கி வசூலாகாவிட்டால் வழக்குத் தொடரலாம் என்பது வணிகர் அனைவரும் அறிந்ததே. ஆனால், வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்று கேட்ட பிறகே பலர் பின்வாங்குகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் பாக்கிக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டினால், வழிச்செலவும் அன்றைய வியாபாரமும் சேர்ந்து பாக்கியை விழுங்கிவிடும்.

நம் திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவானது. கும்மிடிப்பூண்டி கூடூர் ரயில் பாதையிலும், திருவள்ளூர் அரக்கோணம் பாதையிலும் உள்ளன. மாவட்டத் தலைநகரிலுள்ள நீதிமன்றத்துக்குக் கும்மிடிப்பூண்டி வணிகர் ரயிலில் போக, சென்னை வந்து வண்டி மாறவேண்டும்.

நீதிமன்றம் அருகில் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. தென் மாவட்ட மக்களும் வழக்கறிஞர்களும் உயர் நீதிமன்றக் கிளை கேட்டுப் பல்லாண்டுகள் போராடினார்கள். ஜஸ்வந்த் சிங் கமிஷன் 1985இல் அதைப் பரிந்துரைத்தும், மதுரைக் கிளை திறக்கப்பட்டது 2004 ஜூலை 24 அன்றுதான். மகாராஷ்டிராவில் கோலாப்பூர் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களின் நெடுநாள் கோரிக்கை 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. விடாமல் கேட்டவர்களுக்கே கிடைத்திருக்கிறது.

காசோலை வழக்கிலும் இதையே கண்டோம். காசோலை கொடுத்தவரின் வங்கி உள்ள இடத்தில்தான் வழக்குத் தொடரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சூலூர்பேட்டைக் கடைக்காரர் அவ்வூர் வங்கியின் காசோலை கொடுத்தால், கும்மிடிப்பூண்டி மொத்த வியாபாரி ஆந்திராவுக்கு அலையவேண்டிய நிலை. தொழில் அமைப்புகளும் நிதி நிறுவனங்களும் மத்திய அரசிடம் முறையிட்டன. 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது, நம் கணக்கில் போட்ட காசோலை திரும்பினால், நாம் கணக்கு வைத்துள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லையில் உள்ளதோ அங்கேயே வழக்குத் தொடரலாம். ஆகவே கணக்கை ஊருக்கு அருகிலுள்ள கிளையில் வைத்துக்கொள்வது நல்லது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்தக் கெடுவைத் தவறவிடக்கூடாது.

கீழ் நீதிமன்றங்களை மாநில அரசு உயர் நீதிமன்றத்தைக் கலந்து அமைக்கிறது. எனவே மனு இரு இடங்களுக்கும் போகவேண்டும். "எங்களுக்குச் சிரமம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை வழக்குகள், எவ்வளவு தூரம், எத்தனை வாய்தா, ஒரு வாய்தாவுக்கு என்ன செலவு என்பதைக் கணக்காகக் கொடுக்கவேண்டும். கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. உறுப்பினர்கள் தங்கள் வழக்கு விவரங்களை இன்றே குறித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.