சி.என்.சி. மில்லிங்: நிரலும் பணியமைப்பும்

ஐதராபாத் நகரின் பாலாநகர்ப் பகுதி, துல்லியப் பொறியியல் தொழிலில் நீண்ட அனுபவம் உடையது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடும் 1968-ஆம் ஆண்டில் இந்திய அரசு இங்கு மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனத்தை நிறுவியது. நகரில் எச்.எம்.டி. ஆலையும், 1967-இல் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுவியல் கழகமும், 1970-இல் அமைந்த பாரத் டைனமிக்சும் வேரூன்றின. இவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் பாலாநகரிலும் ஜீடிமெட்லாவிலும் செர்லப்பள்ளியிலும் பெருகின. முன்பு கையால் இயக்கும் மில்லிங் இயந்திரங்கள் நின்ற இடங்களில், கணினிவழி எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள், அதாவது சி.என்.சி. இயந்திரங்கள், இன்று நிற்கின்றன.

இவற்றுள் பல வங்கிக் கடனில் வாங்கப்படுபவை. இயந்திரம் உலோகத்தை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவறான ஓர் எண்ணால் வெட்டுக்கருவி பிடிப்பானில் மோதினால், சுழல்தண்டின் தாங்கிகள் பழுதுபடலாம். சிறு நிறுவனத்தின் பல வார வருமானம் அதில் கரைந்துவிடும். ஆகவே நிரல் எழுதும் முறையையும் வேலைப்பொருளை நிலைநிறுத்தும் முறையையும் மாணவர்கள் கற்பதோடு, தொழில் வளர்ச்சிப் பணியில் உள்ள அலுவலர்களும் அறிந்திருப்பது பயனுடையது.

கைப்பிடியிலிருந்து எண்ணுக்கு

எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல் செய்து காட்டப்பட்டது. தொடக்கத்தில் துளையிட்ட காகித நாடாவே கட்டளைகளைத் தாங்கிச் சென்றது. பின்னர்க் கணினி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இடம்பெற்றது. கட்டளை மொழிக்கான சர்வதேசத் தரம் 1982-இல் ஐ.எஸ்.ஓ. 6983 என்ற எண்ணில் வெளியாயிற்று. ‘ஜி’, ‘எம்’ என்ற எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகள் அதில் இடம்பெற்றுள்ளன.

கையால் இயக்கும் இயந்திரத்தில் தொழிலாளி வெட்டின் ஓசையைக் கேட்டு, கைப்பிடியின் கனத்தை உணர்ந்து, ஊட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ வந்தார். எண்முறை இயந்திரத்தில் அந்தத் தீர்மானங்கள் அனைத்தும் வெட்டு தொடங்குமுன் எண்களாக எழுதப்பட வேண்டும். பாதையில் கிளாம்ப் இருப்பதை இயந்திரம் தானாக அறியாது. நிரல் சொன்ன இடத்துக்கு அது சென்றே தீரும். பழைய தொழிலாளியின் கையறிவை எண்ணாக மாற்றுவதே நிரலாளரின் பணி.

வரைபடமும் வேலை வரிசையும்

முதலில் செய்ய வேண்டியது, வரைபடத்தில் அளவுகள் எந்த முகத்திலிருந்து குறிக்கப்பட்டுள்ளன என்று காண்பது. அதே முகங்களை நிரலின் தொடக்கப் புள்ளிக்கு அடிப்படையாகக் கொண்டால் அளவுகளைக் கூட்டிக் கழிக்கும் தேவை குறையும், தவறும் குறையும்.

அடுத்து, ஒரே பிடிப்பில் எத்தனை முகங்களை முடிக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். பொருளைக் கழற்றி மீண்டும் பூட்டும் ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேர்கிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய துல்லியம் வேண்டும் துளைகளை ஒரே பிடிப்பில் முடிப்பதே நல்லது.

தடித்த அலுமினியத் தகட்டிலிருந்து பெரும் பகுதியைக் குடைந்து எடுக்கும் வேலைகளில் உள் இறுக்கம் தளர்ந்து பொருள் வளைவதுண்டு. இதற்கு வழி, இரு புறமும் சிறிது மிச்சம் வைத்து முரட்டு வெட்டை முடித்து, பிடிப்பைத் தளர்த்திப் பொருளைத் தன்னிலைக்கு வரவிட்டு, மீண்டும் மென்மையாகப் பூட்டி இறுதி வெட்டை எடுப்பது.

பிடிப்பு

வைஸின் நிலைத்த தாடை, எக்ஸ் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்பதை டயல் இண்டிகேட்டர் கொண்டு பார்க்க வேண்டும். தாடையின் முழு நீளத்திலும் முள்ளின் அசைவு 0.01 அல்லது 0.02 மி.மீ.க்குள் இருப்பது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். வைஸின் அடியிலும் மேசையிலும் உலோகச் சீவல் ஒன்று சிக்கியிருந்தாலும் பொருள் சாய்ந்துவிடும். ஆகவே துடைத்த பின்பே பூட்ட வேண்டும். பூட்டிய பின் மென்சுத்தியலால் தட்டி, அடியில் உள்ள பேரலல் கட்டைகள் கையால் நகராதிருப்பதை உறுதி செய்வது பழைய பட்டறைப் பழக்கம். அது இன்றும் செல்லும்.

கிளாம்ப் கொண்டு மேசையில் நேராகப் பூட்டும்போது, போல்ட் பின்புறத் தாங்கு கட்டையைவிட வேலைப்பொருளுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தத்தின் பெரும்பங்கு பொருளின்மேல் விழும். கிளாம்ப் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இல்லையெனில் பொருள் வளையும். கழற்றியதும் அது நிமிர, வெட்டிய தளம் கோணலாகிவிடும்.

வெட்டுக்கருவியைப் பிடிப்பானில் இயன்றவரை குட்டையாகப் பூட்டுவது மற்றொரு விதி. வெளியே நீண்டிருக்கும் நீளம் இரு மடங்கானால், அதே விசையில் கருவி வளையும் அளவு எட்டு மடங்காகிறது. சுவர் நேராக வரவில்லை என்று நிரலைத் திருத்துவோர், முதலில் கருவியின் நீளத்தைப் பார்ப்பது நலம்.

தொடக்கப் புள்ளியும் கருவி நீளமும்

பொருளின் தொடக்கப் புள்ளி எங்கே உள்ளது என்பதை இயந்திரத்துக்குத் தெரிவிக்கும் எண்கள் ஜி54 முதலிய ஆஃப்செட் இடங்களில் பதிவாகின்றன. எட்ஜ் ஃபைண்டர் கொண்டு விளிம்பைத் தொடும்போது, சுழல்தண்டின் மையம் விளிம்பிலிருந்து அதன் ஆரத்தின் அளவு விலகி நிற்கும். 10 மி.மீ. விட்டமுடைய முனையெனில் 5 மி.மீ. கணக்கில் சேர வேண்டும். எந்தத் திசையில் சேர்ப்பது என்பதில் புதியவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். பதிவு செய்தபின் இயந்திரத்தை அத்தொடக்கப் புள்ளிக்கு அனுப்பி, முனை சரியான மூலைக்கு மேல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் அப்பிழை அப்போதே பிடிபடும்.

ஒவ்வொரு கருவியின் நீளமும் தனித்தனியே அளந்து பதியப்பட வேண்டும். ஜி43 கட்டளை அந்த அளவை எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் கருவிக்கு ஐந்தாம் நீளப் பதிவையே பயன்படுத்துவது என்று பட்டறை முழுவதற்கும் ஒரே விதியை வகுத்துக்கொள்வது நன்று. கருவி எண்ணும் நீளப் பதிவு எண்ணும் பொருந்தாமற்போவது, மோதல்களுக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று.

வேகமும் ஊட்டமும்

சுழல் வேகத்தைக் கணக்கிட, மீட்டரில் உள்ள வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, கருவியின் விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். மென் எஃகில் 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லுக்கு நிமிடத்துக்கு 100 மீட்டர் எனக் கொண்டால், சுமார் 3,180 சுற்றுகள் கிடைக்கும். நான்கு பற்களும், பல்லொன்றுக்கு 0.05 மி.மீ. ஊட்டமும் எனில், மேசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 636 மி.மீ. நகர வேண்டும். அதே விட்டத்தில் அதிவேக எஃகுக் கருவிக்கு 25 மீட்டரே தகுமெனில் சுற்றுகளும் ஊட்டமும் நான்கில் ஒன்றாகக் குறையும். கருவி தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து தொடங்கி, ஓசையும் சீவலும் காட்டும் வழியில் திருத்திக்கொள்ளலாம்.

ஊட்டத்தை அளவுக்கு மீறிக் குறைப்பது பாதுகாப்பு என்று கருதுவது தவறு. பல் உலோகத்தை வெட்டாமல் உரசினால் சூடு ஏறி முனை விரைவில் மழுங்கும்.

நிரலில் கவனிக்க வேண்டியவை

முந்தைய நிரல் விட்டுச்சென்ற கட்டளைகள் சில, இயந்திரத்தின் நினைவில் தொடர்ந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு நிரலின் தொடக்கத்திலும் மில்லிமீட்டர் அளவு, தளம், ஆர ஈடு நீக்கம், நீள ஈடு நீக்கம், துளைச் சுழற்சி நீக்கம், முழு அளவு முறை ஆகியவற்றுக்கான ஜி21, ஜி17, ஜி40, ஜி49, ஜி80, ஜி90 ஆகிய கட்டளைகளை எழுதிவிடுவது வழக்கம்.

தசமப் புள்ளி சிறியதாயினும் அதன் விளைவு பெரிது. பல கட்டுப்பாட்டு அமைப்புகளில், புள்ளியின்றி எழுதிய 10 என்ற எண், 10 மில்லிமீட்டராகக் கொள்ளப்படாமல் 10 மைக்ரானாக, அதாவது 0.010 மி.மீ. ஆகக் கொள்ளப்படும். அமைப்புக்கு அமைப்பு இது வேறுபடுவதால், எப்போதும் புள்ளியிட்டு எழுதும் பழக்கமே காப்பு.

ஜி00 என்னும் விரைவு நகர்வில் எக்ஸ், ஒய் அச்சுகள் எப்போதும் நேர்கோட்டில் செல்லும் என்று நம்பக்கூடாது. சில இயந்திரங்களில் பாதை முறிந்து செல்லும். முதலில் இசட் அச்சைக் கிளாம்புகளுக்கு மேலே உயர்த்திய பின்பே பக்கவாட்டு நகர்வை எழுத வேண்டும். கணினி மென்பொருள் நிரலை உருவாக்கித் தரும் இடங்களிலும் இந்த விதி மாறுவதில்லை. மென்பொருளில் கிளாம்புகளையும் வைஸையும் வரைந்து காட்டாவிட்டால், திரையில் மோதல் தென்படாது.

முதற்பொருள்

முதற்பொருளை வெட்டும்போது, ஒரு வரிக்கு ஒருமுறை நிற்கும் முறையில் இயந்திரத்தை வைத்து, விரைவு நகர்வைக் குறைத்து ஓட்ட வேண்டும். கருவி பொருளை நெருங்குகையில் நிறுத்தி, திரை காட்டும் மீதித் தொலைவைக் கண்ணால் காணும் இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். திரை 60 மி.மீ. என்று காட்ட, கண்ணுக்கு 10 மி.மீ. மட்டுமே தெரிந்தால், நீளப் பதிவில் பிழை உண்டு. எஃகு அளவுகோல் ஒன்றே இந்தச் சோதனைக்குப் போதும்.

அளந்த பின் காணும் சிறு வேறுபாட்டை நிரலை மாற்றாமல் தேய்மானப் பதிவில் சரிசெய்ய வேண்டும். நிரல் வரைபடத்தோடு ஒத்தே இருக்கட்டும்.

வெப்பமும் மின்தடையும்

அளவுகளுக்கான சர்வதேச ஒப்பு வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஐதராபாத்தின் மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. அலுமினியம் ஒரு மீட்டருக்குப் பாகையொன்றுக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரிகிறது. 40 பாகையில் வெட்டிய 200 மி.மீ. உறுப்பு, 20 பாகையில் உள்ள சோதனை அறையில் சுமார் 0.09 மி.மீ. சுருங்கியிருக்கும். பட்டறையில் சரியாக இருந்த உறுப்பு வாங்குபவரிடம் தள்ளுபடியாவதன் காரணம் சில சமயம் இதுவே. காலையில் சுழல்தண்டைச் சிறிது நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்றுவதும் துல்லியத்துக்கு உதவும்.

மின்சாரம் நின்று திரும்பினால், பல இயந்திரங்களில் அச்சுகளை மீண்டும் மூலநிலைக்கு அனுப்ப வேண்டும். பொருளுக்குள் நிற்கும் கருவியை முதலில் மெல்ல மேலே எடுத்த பின்பே அதைச் செய்யலாம்.

பயிற்சியும் பதிவும்

சிறு தொகுதி வேலைகளில் பணியமைப்புக்கான நேரமே செலவை நிர்ணயிக்கிறது. 20 உறுப்புகளுக்கு, ஒவ்வொன்றும் 6 நிமிடம் வெட்டு எனில் 120 நிமிடம். பணியமைப்பு 180 நிமிடம் எனில் உறுப்பொன்றுக்கு 15 நிமிடம் விழும். அடுத்த முறை அதே வேலை வரும்போது, கருவிப் பட்டியலும் பிடிப்பின் படமும் தொடக்கப் புள்ளியின் இடமும் எழுதிய ஒரு தாள் கையில் இருந்து, பணியமைப்பு 60 நிமிடத்தில் முடிந்தால், அது 9 நிமிடமாகக் குறையும். புதிய இயந்திரம் எதுவும் வாங்காமலே கிடைக்கும் ஆதாயம் இது.

1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பட்டறைகளில் இளைஞர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிப்பதோடு, பணியமைப்புத் தாளை நிரப்பவும் முதற்பொருளை அளக்கவும் பொறுப்புத் தர வேண்டும். அனுபவமுள்ள மில்லிங் தொழிலாளியையும் புதிய நிரலாளரையும் ஒரே இயந்திரத்தில் இணைத்து நிறுத்தும் பட்டறைகளில், முன்னவரின் கையறிவு தாளில் பதிவாகிறது. கடனுதவி வழங்கும் அலுவலர், இயந்திரத்தின் விலைப்பட்டியலோடு அத்தகைய பயிற்சிக்கும் அளவுக் கருவிகளுக்கும் நிறுவனம் இடம் ஒதுக்கியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.