சாளையோடு காடு வாங்குகிறீர்களா? தடத்தையும் தண்ணீரையும் எழுதி வாங்குங்கள்

சொட்டுநீர் மானியத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல், நில வரைபடம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இந்தக் காகிதங்களைப் புரட்டியதில், நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்பதோடு, அந்தக் குடும்பத்தில் என்ன சிக்கல் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

போன ஐப்பசியில் தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் காடும், அதிலிருந்த ஓட்டுச் சாளையும் வாங்கியிருந்தார். குடும்பத்தோடு அங்கேயே குடிவந்து சின்ன வெங்காயம் போட்டிருந்தார். சிட்டா அவர் பெயரில் சுத்தமாக இருந்தது.

"தண்ணி எதுலயிருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"கிணத்துலதானுங்க சார். மூணுல ஒரு பங்கு."

கிரயப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். நிலம் இருந்தது, நான்கு எல்லை இருந்தது, ஓட்டு வீடும் இருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிணறு, விற்றவருடைய அண்ணன் காட்டில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. ரோட்டிலிருந்து சாளைக்குப் போகும் தடமும் அந்த அண்ணன் காட்டு வழியாகத்தான். விலை பேசும்போது, "தடம் பரம்பரையா இருக்குதுங்க, யாரு கேக்கப்போறா" என்று சொன்னார்களாம். ஒன்றரை வருடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் இவர் வீட்டுக் கன்றுக்குட்டி அவர் சோளக்காட்டில் புகுந்துவிட்டது. பேச்சு முற்றியது. மறுநாள் காலையில் தடத்துக்குக் குறுக்கே கல்லும் வேலிமுள்ளும் கிடந்தன. அந்தப் போகத்து வெங்காயத்தை இவரும் மனைவியும் மூட்டை மூட்டையாகத் தலைச்சுமையில் ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் போட முறை கேட்டால், "பத்திரத்துல இருந்தா காட்டு" என்று பதில்.

ஊரில் வீடு வாங்குகிறவர்களும் காட்டில் சாளை வாங்குகிறவர்களும் பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நகரத்து மனைக்கு அது பெரும்பாலும் போதும். அங்கே வாசலிலேயே ரோடு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. காட்டுச் சாளைக்கு அப்படியில்லை. தடமும், தண்ணீரும், கரண்டும் அடுத்தவர் நிலத்திலிருந்து வருகின்றன. பட்டாவில் இவை எதுவும் இருக்காது. பட்டா என்பது இந்த சர்வே எண்ணில் இவ்வளவு பரப்புக்கு இவர் பெயர் என்று சொல்லும் வருவாய்த் துறைக் காகிதம், அவ்வளவுதான்.

முதலில் தடத்தைப் பார்ப்போம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் கிராம வரைபடத்தையும், புலப்பட வரைபடத்தையும் (எஃப்.எம்.பி. என்கிறோமே, அது) விரித்து வைத்துக் கேளுங்கள். நீங்கள் நடந்து போன தடம், அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று தனி எண் போட்ட புறம்போக்கா, அல்லது ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடுகிற தடமா? புறம்போக்குப் பாதை என்றால் யாரும் அடைக்க முடியாது. அடைத்தால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது என்றால், அந்தப் பட்டாதாரர் உங்களுக்குப் பாத்தியம் எழுதிக் கொடுத்தால்தான் நிம்மதி.

சட்டம் உங்களைக் கைவிடாது என்பதும் உண்மைதான். 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருடம் இடைவிடாமல், பகிரங்கமாக, உரிமையாகப் பயன்படுத்திய தடத்துக்குப் பாத்தியம் கேட்கலாம். வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசியத் தடம் என்றும் கேட்கலாம். ஆனால் அதை நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடும். வெங்காயம் அதுவரை காத்திருக்காது.

பத்திரத்தில் "மாமூல் தடத்தில் போகவர உள்ள பாத்தியம்" என்ற ஒரே வரியை எழுத்தர்கள் வழக்கமாகப் போட்டுவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு பின்னால் சண்டைதான் போட முடியும். எந்த சர்வே எண்ணில், எந்தப் பக்கப் பொழியை ஒட்டி, எத்தனை அடி அகலத்தில், எத்தனை அடி நீளத்தில், எந்த ரோட்டில் போய்ச் சேருகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மாட்டு வண்டிக் காலத்தில் எட்டு அடி போதும். இன்று ட்ரெய்லர் மாட்டிய டிராக்டரும், தேங்காய் ஏற்ற லாரியும், போர் போட வரும் ரிக் வண்டியும் வர வேண்டும். 12 அடிக்குக் குறையக் கூடாது என்பேன்; திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும். அந்தத் தடத்து ஓரமாக பைப் பதிக்கவும், கரண்ட் கம்பம் நடவும் உரிமை உண்டு என்று அதே வரியில் சேர்த்துவிடுங்கள். தடம் போகும் நிலம் விற்பவருடையது இல்லை என்றால், அந்த நிலத்துக்காரரையும் பத்திர அலுவலகத்துக்கு அழைத்து வந்து கையெழுத்து வாங்க வேண்டும். விற்பவருக்கு இல்லாத பாத்தியத்தை அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

கிணற்றுக்கும் இதே கதைதான். கிணறு இருக்கும் சர்வே எண், உங்கள் பங்கு எத்தனையில் எத்தனை, முறை எத்தனை நாளைக்கு ஒருமுறை, மோட்டார் யாருடையது, தூர் வாரும் செலவு எப்படிப் பிரியும், எல்லாம் பத்திரத்தில் ஏறட்டும். இலவச விவசாய மின் இணைப்பு பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அதை மாற்றப் பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும். கிரயத்துக்கு முன்னால் கேட்டால் கையெழுத்துச் சுலபமாகக் கிடைக்கும், அப்புறம் கேட்டால் கிடைக்காது. சாளைக்குத் தனி வீட்டு இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்துக் கரண்டில் வீட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தால், மின்வாரியம் போடும் அபராதம் அன்றைக்கு அங்கே குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

தண்ணீர் இருக்கிறது என்பதோடு, எப்படிப்பட்ட தண்ணீர் என்பதையும் பாருங்கள். வில்லங்கச் சான்றை ஈ.சி. என்கிறோம், தண்ணீரின் உப்பை அளக்கும் மின்கடத்து திறனையும் ஈ.சி. என்கிறோம். என்னைக் கேட்டால் இரண்டு ஈ.சி.யும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். மின்கடத்து திறன் 3-ஐத் தாண்டினால், வெங்காயம், பீன்ஸ் போன்ற உப்புத் தாங்காத பயிர்களை மறந்துவிட வேண்டியதுதான். தென்னை தாங்கும். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்கலாம். முப்பது வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். ஆனால் அதில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, பதிவு செய்யாமல் அசல் பத்திரத்தை மட்டும் வைத்து வாங்கிய கடன், இவை பல நேரம் தெரியாது. அதனால்தான் ஜெராக்ஸ் போதாது, அசலைக் கண்ணால் பாருங்கள் என்று சொல்கிறோம். அ-பதிவேட்டில் நிபந்தனைப் பட்டா, பூதானம், கோயில் நிலம் என்று ஏதாவது குறிப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1892 முதல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று கொடுத்த பஞ்சமி நிலங்களை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அதே நிலைதான்.

கையெழுத்து விஷயத்தில் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, அக்கா தங்கைகளை விட்டுவிடுவது. "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுங்க, அவங்களுக்கு என்ன பங்கு" என்பார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தமும், நாடு முழுவதும் 2005-ல் வந்த திருத்தமும் பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்துவிட்டன. பிறப்பிலேயே அந்த உரிமை வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள எல்லாப் பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மைனருடைய சொந்தப் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை 18 வயது முடிந்த மூன்று வருடத்துக்குள் வந்து கிரயத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

இனி விற்கிறவர்களுக்கு. நம் கேள்வி பதில் பகுதிக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தது: "இரண்டு ஏக்கரில் ரோட்டை ஒட்டிய ஒரு ஏக்கரை வீட்டோடு விற்கிறேன். பின்பக்கத்து ஒரு ஏக்கர் எனக்கு. என்ன கவனிக்க வேண்டும்?" அவர் கவனிக்க வேண்டியதும் தடம்தான். முன்பக்கத்தை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டால், பின்பக்கத்துக்கு அவர் எப்படிப் போவார்? கிழக்குப் பொழியை ஒட்டி 12 அடியைத் தன் பெயரில் நிறுத்திக்கொண்டு மீதியை எழுதிக் கொடுப்பது நல்லது. அது ஒத்துவராவிட்டால் தடப் பாத்தியத்தையாவது பத்திரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால், விற்பதற்கு முன்பே நில அளவை செய்து உட்பிரிவு செய்துவிடுங்கள். சர்வேயர் கல் நட்ட நிலத்துக்கு விலையும் கூடும், பேச்சும் சீக்கிரம் முடியும். கூட்டுறவுச் சங்கத்துக் கடனை அடைத்திருந்தால், அடமான ரத்தையும் பதிவு செய்யுங்கள். கடன் அடைத்த ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு, வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதாமல், நிலத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று பத்திரத்தில் பிரித்து எழுதுங்கள்.

விலை பேசி முடித்ததும் வெற்றுத் தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். தடம், கிணறு, கரண்ட் பற்றிய வரிகளை அந்த ஒப்பந்தத்திலேயே ஏற்றிவிட்டால், கிரயத்தன்று மாற்றிப் பேச முடியாது. கிரயச் செலவு இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 15 லட்ச ரூபாய் சொத்துக்கு 1,35,000 ரூபாய். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. விவசாய வருமானம் மட்டுமே உள்ள இருவருக்குள் விலக்கு இருந்தாலும், வங்கிக் கணக்கில் ஏறிய பணத்தை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல், பஞ்சாயத்தில் வீட்டு வரி, மின்வாரியத்தில் பெயர் மாற்றம் மூன்றுக்கும் மனு கொடுத்துவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்தவர்கள்தான் பத்து வருடம் கழித்து எங்கள் அலுவலகத்தில் பழைய பெயருள்ள சிட்டாவோடு நிற்கிறார்கள்.

தாராபுரத்துக்காரர் விஷயம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தைப் பொங்கலுக்குப் பிறகு ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தது. அண்ணன் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, 12 அடித் தடத்துக்குப் பாத்தியம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். கிணற்றுப் பங்குக்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. இவர் சாளைக்குப் பின்னால் தன் சொந்த நிலத்தில் போர் போட்டிருக்கிறார். அதன் தண்ணீர் மாதிரி இப்போது பரிசோதனையில் இருக்கிறது. முடிவு வந்ததும் சொட்டுநீர் மனுவை மறுபடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.