கன்றிலேயே பிடுங்குவோம்!

கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்குள் இறங்கினால் தரை தெரியாது. சீமைக் கருவேலம் அடைத்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்து மரமான இது, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்காகவும் வேலிக்காகவும் அரசே விதையைப் பரப்பியது. மூட்டம் போட்டுக் கரி விற்ற குடும்பங்களுக்கு வறண்ட ஆண்டுகளில் இது சோறு போட்டதும் உண்மை. ஆனால், கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் தரை என இது பிடித்த இடங்களில் நாட்டு மரமும் புல்லும் தலையெடுக்க முடியவில்லை.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பிறகும் ஏன் வெட்டிய இடத்திலேயே முளைக்கிறது?

வெட்டினால் போகாது

மரத்தை வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து வேறிடத்தில் முளைக்கும். மண்ணுக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே தூரோடு தோண்ட வேண்டும். அடுத்தடுத்த மழைகளில் வரும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். வெற்றிடத்தில் நாட்டு மரங்களை வளர்க்க வேண்டும். பொக்லைன் முதல் வேலையை மட்டுமே முடிக்கும். மற்ற இரண்டும் ஊரின் கையில்தான்.

யாரிடம் சொல்வது?

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தக் கண்மாய், எந்தக் கரை, பூத்ததா காய்த்ததா என்று படத்தோடு அங்கே சொல்லித் தீர்மானமாக்குங்கள். பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கும் ஊர்களில் அதன் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். கரி மூட்டத்தை நம்பியிருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த இடத்தை முதலில் அகற்றுவது என்பதை அவர்களோடு பேசி முடிவெடுப்பதே நியாயம்.

அகற்றுமுன் அடையாளம் பார்ப்பது முக்கியம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிகோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். தெரியாமல் நாட்டு மரத்தைச் சாய்த்துவிடக் கூடாது.

மழைக்குப் பின் ஈர மண்ணில் இளங்கன்று கையோடு வந்துவிடும். மரமாகிவிட்டால் எந்திரமும் பணமும் வேண்டும். இந்த மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் கண்மாயை ஒருமுறை சுற்றி வாருங்கள். கண்ட கன்றைப் பிடுங்குங்கள், மிஞ்சியதைக் கிராம சபையில் சொல்லுங்கள்.