கூச்சலுக்கு ஒரு பருவம்

டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் லண்டன் மாநகரத்தில், வெளியே நின்று அனுபவிக்கத் தக்க இயற்கை வனப்பு அந்தப் பருவத்தில் அதிகம் இல்லாததாலோ என்னவோ, ஜனங்கள் விளக்கொளியையும் கூரைக்குக் கீழே நடக்கும் கலை விசேஷங்களையும் நாடிப் போகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டன் செய்த உதவியை மறவாமல் 1947 முதல் ஆஸ்லோ நகரத்தார் ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் நெடிய மரம் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்க, அதன் அடியில் பாடகர் குழுக்கள் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடித் தர்ம காரியங்களுக்குப் பணம் திரட்டுகின்றன. எதிரேயுள்ள நேஷனல் காலரியில் காலணா கொடாமல் ரெம்பிராண்டையும் டர்னரையும் பார்க்கலாம். பக்கத்துத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சங்கீதம் கேட்கலாம். எல்லாம் நல்லவையே. ஆனால் சித்திரசாலையும் சங்கீதமும் ஐரோப்பாவின் மற்றப் பெருநகரங்களிலும் உண்டு; இங்கிலாந்துக்கே உரியதும், வேற்று நாட்டார் பெரும்பாலும் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுவதுமான பொருள் ஒன்று உண்டென்றால், அது ‘பாண்டமைம்’ என்னும் கிறிஸ்துமஸ் கால நாடகமே.

சிண்டரெல்லா, அலாவுதீன், அவரைக் கொடியில் ஏறிய ஜாக், பூனையோடு லண்டனுக்கு வந்து மேயர் பதவி பெற்ற டிக் விட்டிங்டன் என்று, குழந்தைகள் அனைவருக்கும் மனப்பாடமான கதைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பாட்டும் கூத்தும் சிலேடையும் ஊர்வம்பும் கலந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடத்துவார்கள். கதாநாயகனுக்கு அம்மாவாகவோ செவிலியாகவோ வரும் முதிய பெண் வேஷத்தைக் கட்டுகிறவர் ஆண். கதாநாயகன் வேஷத்தையோ, சம்பிரதாயப்படி, முழங்கால் பூட்ஸ் அணிந்து தொடையைத் தட்டிக்கொண்டு வரும் ஓர் இளம்பெண் கட்டுவாள். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் பாஷையில் சொல்வதானால், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இடம் மாறிக்கொள்கிற நாடகம் இது. நம்முடைய ஸ்திரீபார்ட் நடிகர் தம்மை மெய்யாகவே பெண்ணென்று சபையார் நம்பவேண்டும் என்று பாடுபட்டார். அங்கே அந்தக் கிழவி வேஷக்காரர், தாம் ஆண் என்பதை ஒரு கணமும் மறைப்பதில்லை. ஹாஸ்யத்தின் உயிர்நிலையே அதில்தான் இருக்கிறது. பசுமாடு ஒன்று வரும். அதன் தோலுக்குள் முன்னங்கால்களுக்கு ஒருவரும் பின்னங்கால்களுக்கு ஒருவருமாக இரண்டு பேர் இருப்பார்கள்.

இத்தனைக்கும் மேலான ஸ்வாரஸ்யம் மேடைக்குக் கீழே இருக்கிறது. மற்ற நாளில் நாடகக் கொட்டகையில் பக்கத்து ஆசனக்காரர் மிட்டாய்க் காகிதத்தைச் சரசரவென்று பிரித்தாலே முகம் சுளிக்கும் ஆங்கிலேயர், இந்த ஒரு நாடகத்தில் மட்டும் தொண்டை கிழியக் கத்துவதைத் தங்கள் கடமையாகக் கருதுகிறார்கள். சதிகாரன் மேடையின் இடப்புறத்திலிருந்து பிரவேசித்ததும் சபை முழுவதும் ஊளையிட்டு அவனை வரவேற்கும். நல்ல தேவதையோ வலப்புறத்திலிருந்து வருவாள். ஒன்றும் அறியாத விதூஷகனுக்குப் பின்னால் பூதம் வந்து நிற்கும்போது, “அதோ, உன் பின்னாலே!” என்று ஆயிரம் குரல்கள் எச்சரிக்கும், அவன் திரும்புவான், பூதமும் கூடவே சுற்றிக்கொள்ளும். “அப்படி ஒன்றும் இல்லையே” என்று அவன் சாதிக்க, “இருக்கிறது” என்று சபையார் மறுக்க, இந்த வழக்கு முடிவில்லாமல் நீளும். ஐந்து வயதுக் குழந்தையும் அதன் பாட்டியாரும் ஒரே சமயத்தில் ஒரே வாக்கியத்தைக் கத்துகிறார்கள். இந்த வாக்கியங்களை யாரும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை, பரம்பரையாகவே வருகின்றன. நாடகத்தின் கடைசி இரண்டு அடிகளை ஒத்திகையில் சொல்வது அபசகுனம் என்று நடிகர்கள் விட்டுவிடுவதும் அப்படி வந்த நம்பிக்கையே.

ஆதியில் இது இத்தாலிய விதூஷகக் கூத்தின் வாரிசாக, ஜான் ரிச் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய் பேசாமல் ஆடிக் காட்டியதில் வளர்ந்தது. 1737-ஆம் வருஷத்துச் சட்டம், வசனம் பேசும் நாடகத்தை லண்டனில் டுரூரி லேன், கவென்ட் கார்டன் என்னும் இரண்டு அரங்குகளுக்கே உரிமையாக்கிவிட, ஏனைய கொட்டகைகள் அபிநயத்தையும் பாட்டையும் நம்பி ஜீவிக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துக் கோமாளிகளின் சக்கரவர்த்தி ஜோசப் கிரிமால்டி. 1806 டிசம்பரில் கவென்ட் கார்டனில் அரங்கேறிய ‘மதர் கூஸ்’ கதையால் பெரும் பிரசித்தி அடைந்தவர். அவர் விட்டுச் சென்ற ஞாபகக் குறிப்புகளைச் செப்பனிட்டு வெளியிட்ட இளைஞர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். கிறிஸ்துமஸ் என்றாலே நினைவுக்கு வரும் தம் கதையை டிக்கன்ஸ் வெளியிட்ட அதே 1843-இல்தான் அந்தப் பழைய கட்டுப்பாடும் நீங்கியது. பிறகு பாண்டமைம் பேசத் தொடங்கியது, இன்னும் வாயை மூடவில்லை.

லண்டன் பல்லேடியம் அரங்கில் ஏறக்குறைய முப்பது வருஷ இடைவெளிக்குப் பின் 2016-இல் மறுபடி தொடங்கிய பாண்டமைமில் ஜரிகையும் ஆடம்பரமும் கண்ணைப் பறிக்கும் என்பது வாஸ்தவம். ஆனாலும் முதல்முறை செல்பவர், 1901-இல் கட்டப்பட்ட ஹாக்னி எம்பயர் போன்ற பேட்டை அரங்கு ஒன்றுக்குப் போவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பேட்டையின் பஸ் வண்டியையும் நகரசபையையும் கேலி செய்யும் வசனம் நமக்குப் பாதி விளங்காவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு விளங்கும். சிறு அரங்குகள் பலவற்றுக்கு இந்தச் சில வாரங்களின் வசூலே பெரிய ஆதாரம். வசந்த காலத்தில் ஐம்பது பேர் வந்து பார்க்கும் புது நாடகத்துக்கு, டிசம்பரில் கத்தின குழந்தைகள்தாம் படி அளக்கிறார்கள்.

நிசப்தமாக உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலே இருக்கிறது. 1892-இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதல் ஆடப்பட்டபோது அவ்வளவாகச் சோபிக்காத அந்த நாட்டியம், இன்று கிறிஸ்துமஸுக்கு இன்றியமையாததாகிவிட்டது. 1904 டிசம்பர் 27 அன்று டியூக் ஆஃப் யார்க் அரங்கில் ஜே. எம். பாரி மேடையேற்றிய ‘பீட்டர் பான்’ நாடகத்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. 1929-இல் அவர் அதன் உரிமையைக் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தானம் செய்தார். பிற்பாடு பதிப்புரிமைக் காலம் முடிந்தும் பிரிட்டனில் அந்த வருமானம் நிற்காதபடி 1988-இல் பார்லிமெண்டு தனி ஏற்பாடு செய்தது. அந்த ஆஸ்பத்திரிக்குச் சமீபத்தில்தான், ‘மெஸையா’ கானத்தைப் பாடுவித்து ஹாண்டெல் நிதி சேர்த்துக் கொடுத்த அநாதைக் குழந்தைகள் இல்லம் முன்பு இருந்தது.

போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் 25 அன்று ரயிலும் பஸ்ஸும் ஓடா; அரங்குகளும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மறுநாள் முதல் பகல் ஆட்டமும் இரவு ஆட்டமுமாக மறுபடி அமர்க்களம் தொடங்கும். லெஸ்டர் சதுக்கத்துச் சாவடியில் சில நாடகங்களுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும். நல்ல பாண்டமைமுக்கோ முன்னதாகவே வாங்கி வைப்பது நலம். ஜனவரி 6-ஆம் தேதியோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. மிட்டாய்ப் பலகாரம் செய்யும் சமையற்காரராக இருந்து நடிகரான ராபர்ட் பாட்லி என்பவர், 1794-இல் காலமானபோது, டுரூரி லேன் நடிகர்கள் வருஷந்தோறும் அன்று கேக்கும் மதுவும் உண்டு களிக்கவேண்டும் என்று நூறு பவுன் எழுதிவைத்தார். அந்த அரங்கில் எந்தக் கம்பெனி நடித்துக்கொண்டிருந்தாலும், கேக் வெட்டும் உரிமை அவர்களுக்கே.