எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை

பங்குச்சந்தை சார்ட்டைத் திறந்ததும் திரையில் தெரிவது விலை வரலாற்றில் மென்பொருள் தானாக வெட்டித் தந்த ஒரு துண்டு. அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைப் பார்ப்பவரே சொல்வதுதான் தேதி வரம்பை அமைப்பது. சுட்டியால் சார்ட்டை இழுத்தும் சுருக்கியும் இதைச் செய்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இழுத்துப் பிடித்த சார்ட்டின் தொடக்கம் எந்த நாள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கட்டளையாகத் தட்டச்சு செய்த வரம்புக்கு இரண்டு தேதிகள் உண்டு. இன்னொருவர் அதே தேதிகளை இட்டுச் சரிபார்க்க முடியும்.

இங்கே இரண்டு அமைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சார்ட்டில் விலையைக் காட்டும் ஒவ்வொரு கட்டையும், அதாவது ஒரு கேண்டில், எவ்வளவு நேரத்தைக் குறிக்கிறது என்பது டைம்ஃப்ரேம். மொத்தமாக எவ்வளவு காலம் திரையில் தெரிகிறது என்பது வரம்பு. தேசியப் பங்குச்சந்தை காலை 9:15 முதல் மாலை 3:30 வரை, அதாவது 375 நிமிடங்கள் இயங்குகிறது. ஐந்து நிமிட கேண்டிலில் ஒரு நாளுக்கு 75 கேண்டில்கள், பதினைந்து நிமிடத்தில் 25. ஆண்டுக்குச் சுமார் 250 வணிக நாட்கள் என்று கொண்டால், ஓராண்டை ஐந்து நிமிட கேண்டிலில் பார்க்க 18,750 கேண்டில்கள் வேண்டும். எந்தத் திரையிலும் அது வெறும் மைக்கறையாகத்தான் தெரியும். அதனால்தான் டிரேடிங்வியூ என்ற இணையச் சார்ட் தளத்தில் சார்ட்டின் கீழே உள்ள வரம்புப் பொத்தான்களை அழுத்தினால் டைம்ஃப்ரேமும் கூடவே மாறுகிறது. ஒரு நாள் என்றால் ஒரு நிமிட கேண்டில், ஒரு மாதம் என்றால் முப்பது நிமிடம், ஓராண்டு என்றால் நாள் கேண்டில், ஐந்தாண்டு என்றால் வார கேண்டில். இது தெரியாமல், தான் வைத்திருந்த டைம்ஃப்ரேம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் ஏராளம்.

கணினியில் டிரேடிங்வியூ பயன்படுத்துவோர் ஆல்ட் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒரு தேதியை மட்டும் இட்டு அங்கே தாவலாம். தொடக்கம், முடிவு என இரண்டையும் இட்டு வரம்பாகவும் அமைக்கலாம். சார்ட்டின் மேல் 15 என்று தட்டி என்டர் கொடுத்தால் பதினைந்து நிமிட கேண்டிலுக்கு மாறும். ஆல்ட் விசையுடன் ஆர் அழுத்தினால் சார்ட் பழைய நிலைக்குத் திரும்பும். மெட்டாடிரேடர் 4 மென்பொருளில் என்டர் அழுத்தினால் சார்ட்டின் கீழ் மூலையில் ஒரு சிறு கட்டம் வரும். அதில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் புள்ளி வைத்து 2020.03.23 என்று எழுதினால் சார்ட் அந்த நாளுக்கு நகரும். தானாக நகரும் ஆட்டோ ஸ்க்ரோல் வசதியை முதலில் அணைக்காவிட்டால், அடுத்த விலை வந்ததும் சார்ட் மீண்டும் இன்றைய தேதிக்கே ஓடிவிடும்.

போலந்தைச் சேர்ந்த டோமாஸ் யானெச்கோ உருவாக்கிய ஆமிபுரோக்கர் என்ற சார்ட் மென்பொருள் இந்திய வணிகர்களிடம் நெடுநாளாகப் புழங்கி வருகிறது. அதில் ஒரு கேண்டிலைத் தேர்ந்து எஃப்12 அழுத்தினால் வரம்பின் தொடக்கம், ஷிஃப்ட் விசையுடன் எஃப்12 அழுத்தினால் முடிவு, கன்ட்ரோல் விசையுடன் அழுத்தினால் குறி நீங்கும். பகுப்பாய்வுச் சாளரத்தில் வரம்பைச் சொல்லும் விதங்களில் இரண்டு: இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்பது ஒன்று, கடைசி இத்தனை கேண்டில்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது வசதியானதுதான், ஆனால் நம்பத்தக்கதல்ல. 2020 மார்ச் 23 அன்று குறியீடுகள் பத்து சதவீதம் சரிந்ததால் சந்தை 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்று ஐந்து நிமிட சார்ட்டில் வழக்கமான 75 கேண்டில்கள் இல்லை. தீபாவளியை ஒட்டிச் சிறிது நேரமே நடக்கும் முகூர்த்த வணிகமும், மத்திய பட்ஜெட்டுக்காகச் சந்தை திறந்திருந்த 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமையும் கணக்கை இன்னொரு பக்கம் குலைக்கும். கேண்டில்களை எண்ணிப் பின்னோக்கிப் போகிறவர் தான் எண்ணிய நாளுக்குப் போய்ச் சேர்வது உறுதியில்லை.

ஆமிபுரோக்கர் நிரலில் தேதி ஓர் எண்ணாகவும் மாறும். ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்து, பின்னால் மாதத்தையும் நாளையும் ஒட்டினால் 2020 மார்ச் 23 என்பது 1200323 ஆகிறது. டிரேட்ஸ்டேஷனின் ஈசிலாங்குவேஜ் மொழியும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது. இப்படி எழுதினால் இரண்டு தேதிகளில் எது முந்தையது என்பதை எண்களை ஒப்பிட்டே மென்பொருள் கண்டுபிடித்துவிடும். இணையச் சார்ட்களின் உள்ளே வேறொரு கணக்கு ஓடுகிறது: 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகள். அதே மார்ச் 23 காலை 9:15 அங்கே 1584935100. சில மொழிகள் விநாடிக்குப் பதில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கை எண்ணும். இந்த எண்ணை அப்படியே அவற்றிடம் கொடுத்தால் சார்ட் 1970 ஜனவரி 19க்குப் போய் வெறுமையாக நிற்கும். டிரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்டில் தேதியோடு ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தையும் எழுதுவது நல்லது. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் மண்டலம் எழுதாத நிரல்களில் வந்து இடிக்கலாம். பைன் ஸ்கிரிப்ட் எந்தத் தேதிகளுக்குள் கணக்கிட வேண்டும் என்று கட்டுப்படுத்தும். திரையில் தெரியும் பகுதியை நகர்த்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

தேதி எழுதும் முறையே ஒரு பொறி. 04/06/2024 என்பதை இந்தியர் ஜூன் 4 என்று படிப்பர். மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அந்நாளில் நிஃப்டி குறியீடு 1,379 புள்ளிகள் விழுந்தது. அமெரிக்க அமைப்பில் உள்ள மென்பொருள் அதை ஏப்ரல் 6 என்று கொள்ளும். அது ஒரு சனிக்கிழமை, சந்தை விடுமுறை. மென்பொருள் பிழை எதுவும் காட்டாமல் பக்கத்து வணிக நாளைக் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. முடிவுத் தேதி வரம்புக்குள் சேருமா என்பதிலும் ஒற்றுமை கிடையாது. பைத்தான் மொழியில் ஒய்ஃபைனான்ஸ் தொகுப்பு முடிவுத் தேதியை விட்டுவிடுகிறது. பாண்டாஸ் தொகுப்பில் தேதிகளால் வெட்டினால் முடிவு நாளும் சேர்ந்தே வருகிறது. டிசம்பர் 31 வரை கேட்டவருக்கு ஆண்டின் கடைசி நாள் காணாமல் போவது இதனால்தான்.

கேட்ட வரம்பு முழுவதும் ஒரே வீச்சில் கிடைத்துவிடாது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் கைட் கனெக்ட் வழியாக நிரலால் பழைய விலைகளைக் கேட்கும்போது, ஒரு கோரிக்கைக்கு ஒரு நிமிட கேண்டில் 60 நாட்களுக்கும், ஐந்து நிமிடம் 100 நாட்களுக்கும், பதினைந்து நிமிடம் 200 நாட்களுக்கும், நாள் கேண்டில் 2,000 நாட்களுக்கும் கிடைக்கும். மேலே வேண்டுமானால் வரம்பைத் துண்டுகளாக்கி அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். சராசரிக் கோடு வரைகிறவர்கள் வரம்பின் தொடக்கத்துக்கு முன்னாலும் தரவை ஏற்ற வேண்டியிருக்கும். 2020 ஜனவரி 1 முதல் 200 நாள் சராசரி தெரிய வேண்டுமென்றால் 2019 மார்ச் வாக்கிலிருந்தே விலைகள் தேவை. இல்லாவிட்டால் கோடு அக்டோபரில்தான் முளைக்கும்.

வரம்பு மாறினால் சார்ட் சொல்லும் கதையே மாறும் என்பதற்கு 2020ஐவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று நிஃப்டி 12,430ஐத் தொட்டு, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. இந்த இரு தேதிகளை இட்டால் ஏறத்தாழ 40 சதவீத வீழ்ச்சி. 2019 டிசம்பர் 31 முதல் 2020 டிசம்பர் 31 வரை இட்டால் 12,168லிருந்து 13,982க்கு, 15 சதவீத ஏற்றம். நிதியாண்டாகப் பார்த்தால், 2019-20இல் 26 சதவீத இறக்கம், அடுத்த ஆண்டில் 71 சதவீத ஏற்றம். நான்குமே உண்மை. 71 சதவீதத்தை மட்டும் விளம்பரத்தில் போடுகிறவர் பொய் சொல்லவில்லை; 2020 மார்ச் 31ஐத் தொடக்கமாகத் தேர்ந்தார், அவ்வளவே. டீமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்து 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டின. வந்தவர்களில் பெரும் பகுதியினர் சந்தையைப் பார்க்கத் தொடங்கியதே 2020 மார்ச் பள்ளத்துக்குப் பிறகுதான். வரம்பைப் பற்றிய அக்கறை ஒழுங்குமுறையிலும் வந்துவிட்டது: பங்குச்சந்தைப் பாடம் நடத்துவோர் அண்மை மூன்று மாத விலைகளைக் காட்டக் கூடாது என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜனவரியில் சொன்னது. பாடம் என்ற பெயரில் பங்குப் பரிந்துரை நடப்பதைத் தடுக்கவே இது.

மிக நீண்ட வரம்புக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. 1978-79இல் 100 என்று தொடங்கும் சென்செக்ஸ் குறியீட்டை இன்றுவரை சாதாரண அளவுகோலில் வரைந்தால், 1992 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் நிகழ்ந்த 12.77 சதவீத வீழ்ச்சி கண்ணுக்கே தெரியாது. லாக் அளவுகோலுக்கு மாற்றினால் தெரியும். போனஸுக்கும் பங்குப் பிரிப்புக்கும் ஏற்ப விலையைச் சரிசெய்யாத சார்ட்டில், 2024 அக்டோபர் 28 வாக்கில் ரிலையன்ஸ் பங்கு பாதியாக விழுந்ததுபோல் தெரியும். உண்மையில் அது ஒன்றுக்கு ஒன்று போனஸ். ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் சில மாதமே வாழ்வதால் அதற்கு ஐந்தாண்டு வரம்பு கேட்டுப் பயனில்லை. ஒப்பந்தங்களைக் கோத்துத் தரும் தொடர் சார்ட்டைத்தான் திறக்க வேண்டும்.

தேதி வரம்பு பங்குச்சந்தைக்கு மட்டும் உரியதல்ல. தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்தில் சார்ட் போட்டுப் பார்க்கத் தக்க இன்னொரு விலையும் இருக்கிறது: தக்காளி. அந்த மாவட்டத் தக்காளிக்குப் பாலக்கோடு சந்தை பேர்பெற்றது. வழக்கமான டிரேடிங் மென்பொருள்களில் இதற்கு சார்ட் கிடையாது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் பொருள், மாநிலம், மாவட்டம், சந்தை ஆகியவற்றோடு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்தால் விலைகள் அட்டவணையாக வரும். 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, செப்டம்பருக்குள் இறங்கிவிட்டது. அந்த ஜூலையை மட்டும் வரம்பாக்கி நாற்று நட முடிவெடுப்பது ஆபத்து. ஒரே மாதத்தை மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுவதே விவசாயிக்கு உதவும் வரம்பு. சரக்கு வராத நாட்களுக்கு அந்த அட்டவணையில் வரியே இருக்காது. அவற்றைப் பூஜ்ஜியம் என்று நிரப்பிக் கோடு வரைந்தால், நடக்காத வீழ்ச்சிகள் சார்ட்டில் தெரியும்.