காலை எடுக்குமுன் ஒரு கேள்வி

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என இரு வாய்க்கால்கள் பிரிவதை நம் வட்டாரத்தார் அறிவர். இடையில் மண் மேடிட்டால் முதலில் வாடுவது கடைமடை வயலே. நம் உடலின் கடைமடை பாதமாகும். நீரிழிவாலும் புகைபிடிப்பதாலும் முதுமையாலும் காலின் இரத்தக் குழாய் குறுகும்போது, பாதத்தில் தைத்த சிறு முள்ளும் ஆறாப் புண்ணாகிறது, விரல் கறுக்கிறது. “காலை எடுக்க வேண்டும்” என்ற சொல் குடும்பத்தாரின் காதில் இடியென விழுகிறது.

அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ஆரிகன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1964-ஆம் ஆண்டு அச்சொல்லைக் கேட்ட 82 வயது மூதாட்டி அதற்கு இசையவில்லை. ஜனவரி 16 அன்று சார்லஸ் டாட்டர் என்னும் எக்ஸ்ரே நிபுணர், திரையில் பார்த்தவாறே தொடைக் குழாயினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தினார். அதன்மேல் மெல்லிய குழலையும், பின்னர் அதைவிடப் பருத்த குழலையும் நுழைத்து அடைப்பை விரித்தார். குளிர்ந்திருந்த பாதம் வெப்பமுற்றது; புண் ஆறியது. அம்மூதாட்டி இறுதிவரை தம் இரு கால்களாலேயே நடந்தார். 1977-இல் சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், குழல் நுனியில் பலூன் பொருத்தி இருதயக் குழாயையே திறந்தார்.

இன்று ‘ஆஞ்சியோ’ என்று நாம் சொல்வது இவ்வழியில் வளர்ந்ததே. பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டியதில்லை. தொடையிடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியே குழலைச் செலுத்துவர். மருந்து பாய்ந்ததும் அடைப்பு திரையில் தெரியும். பலூனால் அதை விரித்து, தேவையானால் ஸ்டென்ட் வைப்பர்.

எனினும் இஃது எல்லார்க்கும் பொருந்தாது. நீண்ட அடைப்புக்கு அறுவை மூலம் மாற்றுவழி அமைக்க நேரலாம். திறந்த குழாய் மீண்டும் சுருங்கலாம். திரைக்கான மருந்து பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் வருத்தலாம். சீழ் பரவிக் காய்ச்சல் கண்டபின் அறுவையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆதலால் காலம் தாழ்த்தலாகாது. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவது முதல் எச்சரிக்கை. நீரிழிவு நோயாளிக்கு உணர்ச்சி குன்றுவதால் வலியே தோன்றாமலும் போகலாம். நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பது அவசியம். திடீரெனக் கால் வெளுத்துக் குளிர்ந்து மரத்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே புறப்பட வேண்டும்.

திருநெல்வேலியில் 1965-இலும் தூத்துக்குடியில் 2000-த்திலும் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. செல்லும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். காலை எடுக்க வேண்டும் என்று கூறப்பட்டால், “டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? குழாயைத் திறக்க வழியுண்டா?” என்று பணிவுடன் கேளுங்கள். வழியில்லை என்பதே விடையானால், அறுவைக்கு மனமுவந்து இசைவதும் நோயாளியின் உயிரைக் காப்பதேயாகும்.